கொழும்புக்கு ஏறாத மூட்டைகள்

என் கணவர் பழவேற்காட்டில் கருவாடு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம் செய்தார். பக்கத்துக் கோட்டைக்குப்பத்து மணலில் காய்ந்த நெத்திலியும் வாளையும் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு வரும். குப்பத்துப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, கோணியில் அடைத்து, வாய் தைப்பார்கள். நல்ல சரக்கு லாரியில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறும். மிச்சம் மெட்ராஸ் சந்தைக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வந்தபோது அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வாடை இருப்பதே மறந்துபோனது. அவர் வெளியூர் போகும் நாட்களில் கொட்டகையை நான்தான் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பெண்களில் ஒருவரை எல்லோரும் சிலோன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியாவுக்குத் திரும்பவேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. திரும்புவதற்கு அவருக்கு இங்கே ஓர் ஊரும் இருக்கவில்லை. அவருடைய தாத்தா எந்த ஜில்லாவிலிருந்து போனார் என்பதுகூட அவருக்குத் தெரியாது. யாரோ மீன்பிடி வேலை கிடைக்கும் என்று சொன்னதை நம்பிப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கோட்டைக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புருஷனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த மறு வருஷமே காய்ச்சலில் இறந்துபோனார். ஒரே மகள் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அவள் கட்டிக்கொண்ட பையனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது.

குப்பத்துப் பெண்கள் என் கணவரைப் பாய் என்றும் என்னைப் பாயம்மா என்றும் கூப்பிடுவார்கள். சிலோன்காரம்மா மட்டும் அவரை மொதலாளி என்பார், என்னை அம்மா என்பார். பேச்சில் எப்போதும் ஒரு 'ங்க' இருக்கும். அதைக் கேட்டு மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. கொழும்புக்குப் போகும் மூட்டைகளை அவர்தான் விரும்பித் தைப்பார். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், கூலிக்காரர்களுக்கு இந்தக் கருவாடுதான் கறி என்று ஒருமுறை சொன்னார். மகள் வீட்டுக்கும் ஒரு பிடி போகாதா என்ற நினைப்பு அவருக்கு இருந்ததென்று நினைக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் கொழும்புக் கலவரம் ரேடியோவில் வந்தது. முதலில் ஏதோ சண்டை என்றார்கள். பிறகு வீடு வீடாகத் தேடிப்போய்த் தமிழர்களை அடித்ததும் கடைகளைக் கொளுத்தியதும் தெரிந்தது. சிறையில் இருந்தவர்களைக்கூட விடவில்லை. கொழும்பில் எங்கள் சரக்கை எடுத்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். தூத்துக்குடி ஏஜெண்டுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டதில், கடை முழுக்க எரிந்துவிட்டது, ஆள் என்ன ஆனார் என்று தெரியவில்லை என்று பதில் வந்தது. என் கணவர் அன்று சாப்பிடவில்லை. இருவரும் பதினைந்து வருஷம் வியாபாரம் செய்தவர்கள். ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

சிலோன்காரம்மா தினமும் வேலைக்கு வந்தார். யார் ரேடியோ வைத்தாலும் எழுந்துபோய் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்து உட்காருவார். மலைநாட்டைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள், அதோடு வேறு செய்திக்குப் போய்விடுவார்கள்.

ஊர் ஊராகக் கடையடைப்பு நடந்தது. பழவேற்காடு பஜாரிலும் ஒரு கடை திறக்கவில்லை. பொன்னேரிக்குப் பஸ் ஓடவில்லை, படகுகள் கரையில் கிடந்தன. என் கணவர் கொட்டகைக் கதவில் கறுப்புத் துணி கட்டினார்.

அது முடிந்து சில நாட்களில் தூத்துக்குடியிலிருந்து தகவல் வந்தது. கொழும்பில் வேறொரு வியாபாரி, சிங்களவர், நம் சரக்கை முழுசாக எடுத்துக்கொள்ளத் தயார். அங்கே கருவாட்டுக்குத் தட்டுப்பாடு, பழைய விலைக்கு மேலேயே தருவார். என் கணவர் இரண்டு நாள் யோசித்தார். ஆடி வெயிலில் காய்ந்த நல்ல சரக்கு கொட்டகை கொள்ளாமல் கிடந்தது. குப்பத்துக்காரர்கள் பணத்துக்குக் காத்திருந்தார்கள். சரி என்று சொல்லி, லாரிக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் பொன்னேரிக்குப் போனார்.

அன்று காலையில் சிலோன்காரம்மா தரம் பிரித்தார், கோணியை உதறிப் போட்டார். மூட்டைகள் கொழும்புக்கு என்று தெரிந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மெட்ராஸ் சரக்கு இருந்தால் கொடுங்க, தைக்கிறேன் என்றார். அவருக்கு ஏதோ மனசு சரியில்லை என்று நினைத்து மற்றவர்கள் தைக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி நிறுத்தினாள், பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள்.  மதியத்துக்குள் கொட்டகையில் ஒரு கையும் ஓடவில்லை. குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள்.

"பாயம்மா, எங்களத் தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தம்மா குந்திக்கினு கீது, நாங்க மட்டும் எப்டி தைக்கறது?"

லாரி வந்து வாசலில் நின்றது. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து என் கணவர் திரும்பியபோது நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கருவாடு துன்றவன் இன்னா பண்ணான்? கொளுத்துனவன் வேற, வாங்கித் துன்றவன் வேற. நீதானே சொன்ன, தோட்டத்துல இதான் கறினு. உன் பொண்ணே துன்னும். அதையும் நிறுத்தணுமா?"

சிலோன்காரம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நீங்க கடைய மூடினீங்க மொதலாளி. கறுப்புத் துணி கட்டினீங்க. இன்னைக்கு அவங்களுக்கே மூட்டைய ஏத்தினா, அந்தத் துணி எதுக்குங்க?"

"கடைய மூடுறது எல்லாரும் பண்ணது."

"ஆமாங்க. அது எல்லாரும் பண்ணது. இது நம்ம கையில இருக்கறது."

 என் கணவர் என்னைப் பார்த்தார். வியாபாரத்தில் அவர் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"லாரிய மெட்ராசுக்குத் திருப்பச் சொல்லுங்க."

அவர் எழுந்துபோய் டிரைவரிடம் பேசினார்.

இப்படித்தான் எங்கள் கொழும்பு வியாபாரம் நின்றது. கேட்க இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இந்த அக்கிரமம் நிற்கும்வரை அந்த நாட்டோடு எந்த வியாபார ஒப்பந்தமும் கூடாது என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. டெல்லியில் என்ன முடிவெடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் கொட்டகையில் மட்டும் நிறுத்திவிட்டோம். அதற்கு நாங்கள் பட்ட பாடு சின்னதல்ல.

மெட்ராசில் அந்தத் தரத்துக்கு விலை இல்லை. நல்ல நெத்திலி மட்டரகத்தோடு கலந்து போனது. மழைக்காலம் வந்ததும் கொட்டகையில் பாதி நாள் வேலை இல்லை. என் வளையல்கள் அடகுக்குப் போயின. எனக்காவது வளையல் இருந்தது. குப்பத்துப் பெண்கள் ஏரிக்கரையில் கையால் இறால் தடவியும், திருப்பாலைவனத்தில் நாற்று நட்டும் நாட்களை ஓட்டினார்கள். அதே வருஷம் வேறு ஊர் வியாபாரிகள் கொழும்புக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பஜாரில் என் கணவரைப் பார்த்து, பாய் தனியா யுத்தம் பண்றாரு என்று கிண்டல் செய்தார்கள்.

கோபமெல்லாம் கடைசியில் சிலோன்காரம்மாவின் மேல் வந்து விழுந்தது. முதலில் அவருக்காக ஊசியை வைத்தவர்களே, உன்னால்தான் எங்கள் பிள்ளைகள் கஞ்சி குடிக்கின்றன என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் குழாயடிக்கு எல்லோரும் போய்வந்த பிறகு தனியாகப் போய்த் தண்ணீர் பிடித்தார். ஒருநாள் நான் அவரிடம், பேசாமல் பழையபடி அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மொதலாளி இஷ்டம் என்றார். மகளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறு வருஷம் பங்குனியில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். மெலிந்த மனிதர், தோளில் ஒரு துணிப்பை. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கொழும்பிலிருந்து வருகிறேன், உங்கள் கருவாட்டை விற்றவன் என்றார். என் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்ட பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். கூட்டம் தெருவுக்குள் வந்தபோது அவரையும் மனைவியையும் பிள்ளைகளையும் தன் கிடங்கில் மறைத்துவைத்தவர் ஒரு சிங்கள வியாபாரி. வெளியே கேட்டவர்களிடம் உள்ளே கருவாடுதான் இருக்கிறது என்று சொன்னாராம். கூட்டம் ஓய்ந்ததும் தன் வண்டியிலேயே அகதி முகாமில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர் பெயரைச் சொன்னதும் என் கணவரின் முகம் மாறியது. எங்களிடம் சரக்குக் கேட்டவர் அவர்தான்.

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் என் கணவர்.

"தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பியளோ?" என்று வந்தவர் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல, உண்மையாகவே கேட்டார்.  பிறகு அவரே சொன்னார்: "நீங்கள் நிப்பாட்டினதெண்டு தூத்துக்குடியில சொன்னவை. எனக்காக ஒருத்தர் நிப்பாட்டினவர் எண்டு கேட்டதும், அந்த இடத்திலேயே குந்திட்டன். என்னைக் காப்பாத்தின அந்த மனுசனை நினைச்சா, நீங்கள் நிப்பாட்டினது பிழை. எனக்கு ரெண்டும் வேணும் போல கிடக்கு."

மறுநாள் என் கணவர் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பலாமா என்று கேட்டார். குப்பத்துப் பெண்கள் அனுப்புங்கள் என்றார்கள். நல்லவருக்குக் கொடுத்தால் பாவமில்லை, எங்கள் அடுப்பும் எரியும் என்றார்கள். எல்லோரும் சிலோன்காரம்மாவைப் பார்த்தார்கள்.

"அவருக்கு என் உசுர வேணும்னாலும் குடுக்கலாங்க. மூட்டைக்கு மட்டும் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க," என்றார். 

என் கணவர் தூத்துக்குடிக்குச் சொல்லியனுப்பினார். அங்கிருந்து வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. தமிழனை ஒளித்துவைத்தவன் என்று அந்த வியாபாரியின் கிடங்குக்கே யாரோ தீ வைத்துவிட்டார்களாம். அவர் தொழிலை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் வேண்டுமா என்று ஏஜெண்ட் கேட்டார். என் கணவர் வேண்டாம் என்றார்.

சிலோன்காரம்மாவின் மகள் எண்பத்தைந்தில் வந்தாள். மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருக்கிறாள் என்று ஆள் மூலம் தகவல் கிடைத்தது. என் கணவரே சிலோன்காரம்மாவைக் கூட்டிப்போய் அழைத்துவந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் இல்லை. கலவரத்துக்கு மறு வருஷம் தோட்டம் வேண்டாமென்று வடக்கே வவுனியாப் பக்கம் குடியேறியவர்களை ராணுவம் சுற்றிவளைத்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை. அவள் இதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கொட்டகைக்கு வரத் தொடங்கிய பிறகு ஒருநாள், நாங்கள் கொழும்புக்கு அனுப்புவதை நிறுத்திய கதையைக் குப்பத்துப் பெண் ஒருத்தி அவளிடம் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகத்தான். மகள் கேட்டுவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அந்த வருசம் லயத்துல கருவாடே கெடைக்கலம்மா. கொழும்புல இருக்கறவன் மீன் வாங்கித் தின்னான். எங்களுக்கு வெறும் தேங்காச் சம்பலும் சோறுந்தான்."

எங்கள் ஒரு கொட்டகையால் அந்தத் தட்டுப்பாடு வந்திருக்காது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சிலோன்காரம்மா முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். மொதலாளி அன்னைக்கே சொன்னாரு, உன் பொண்ணு தின்னும்னு. தெரிஞ்சுதான் வேணாம்னேன்."

மகள் எழுந்து ஏரிப்பக்கம் போய் நின்றாள். சில நாள் தாயோடு பேசவில்லை. இருவரும் ஒரே குடிசையில்தான் இருந்தார்கள், ஒன்றாகத்தான் வேலைக்கு வந்தார்கள். பிறகு குழந்தைக்கு அம்மை போட்டது. வேப்பிலை பறித்துவரச் சொல்லித்தான் மகள் முதலில் வாய் திறந்தாள்.

எண்பத்தேழில் இரண்டு அரசாங்கங்களும் மறுபடியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். தூத்துக்குடி ஏஜெண்ட் பழையபடி சரக்கு அனுப்பச் சொன்னார். அதற்குள் கொட்டகையில் பெரும்பாலும் இறால் வேலைதான் நடந்தது. கம்பெனிக்காரர்கள் ஐஸ் லாரியோடு வாசலிலேயே வந்து எடுத்தார்கள். என் கணவர் பெண்களிடம் வந்து கேட்டார். இந்தத் தடவை மகள்தான் பேசினாள். அந்தக் கையெழுத்து எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றாள். மற்றவர்கள் அதற்குச் சரி என்றார்கள். சிலோன்காரம்மா இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் அங்கே மறுபடி சண்டை மூண்டது. நாங்கள் அனுப்பவே இல்லை.

அந்த வருஷங்களில் என் கணவரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. புதிய வியாபாரி யார் வந்தாலும் டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் என்று சொல்லி எழுந்து கொட்டகைக்குள் போவார். வந்தவர்கள் அது விலையைக் கூட்ட அவர் போடும் நாடகம் என்று நினைத்தார்கள். அவர் உண்மையாகத்தான் கேட்டார்.