ஏழால் பெருக்கியபோது

இன்று பொங்கலின் நெய்வாசம் பட்டதும் திருக்கழுக்குன்றத்து மலையுச்சி நினைவுக்கு வந்துவிட்டது. பூசாரி வைக்கும் பொங்கலுக்குக் கழுகுகள் இறங்கும்வரை காத்திருக்கும் கூட்டத்தில் வாய்ப்பாட்டுப் புத்தகம் விற்ற அப்பா, சிறுமியான என்னை நிறுத்தி 142857ஐ இரண்டு முதல் ஆறு வரையான எண்களால் பெருக்கச் சொல்வார்; அதே இலக்கங்கள் வரிசை குலையாமல் சுற்றிச் சுற்றி வர, ஜனங்கள் வாய்பிளப்பார்கள்.

ஒருநாள் ஒருவர், "ஏழால பெருக்கு பாப்பா" என்றார். மனதுக்குள் பெருக்கினேன். ஆறு இலக்கமும் ஒன்பதாக வந்தது. சொன்னேன்.

அப்பா முகம் செத்துவிட்டது. "கொயந்த தப்பா சொல்லிச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று கூட்டத்தைக் கும்பிட்டார்.

ஏழில் அந்தச் சுற்று நின்றுவிடும் என்பது அவருக்கே தெரியாது. அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? தலைகுனிந்து நின்றேன்.

இப்போது கழுகுகள் வருவதில்லை. வரிசையாக ஒன்பதுகளைப் பார்த்தால் என் தலை மட்டும் இன்னும் குனிகிறது.