கடைமடைக்கு வந்த காற்று

அதிராம்பட்டினம் மீன் வியாபாரி அப்துல் ஜலீல் அறுநூறு மரப்பெட்டி கேட்டது 2007 ஏப்ரலில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில். மே மாதக் கடைசியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது பெட்டிகள் கரையில் இருந்தாக வேண்டும். ஐஸ் போட்டுக் கேரளத்துக்கு அனுப்பும் மீனுக்கு அவர் பிளாஸ்டிக் பெட்டி வைப்பதில்லை. போன பிளாஸ்டிக் பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய குறை. மரப்பெட்டி போனால் போகட்டும்.

பெட்டி செய்து கொடுப்பவர் எங்கள் நெடுங்கோட்டகத்துக் கீழத்தெரு அம்சவல்லி. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. நடவு நட்டு வளர்ந்தவர். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை அடுத்தடுத்துப் பொய்த்தபோது அதிராம்பட்டினத்துக்குக் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனார். அங்கே உடைந்து கிடந்த மீன்பெட்டிகளைச் சும்மா இருக்கும் நேரத்தில் ஆணி அடித்துச் சரிசெய்து கொடுத்தார். ஜலீல் அதைப் பார்த்துவிட்டு, “புதுசாவே செஞ்சு குடேன்” என்றார். அப்படித் தொடங்கியது. தெருக்கோடியில் தன் மனையில் ஒரு கொட்டகை போட்டு, நடவுக்குக் கூட வந்த நான்கு பெண்களையே பெட்டி வேலைக்கும் சேர்த்துக்கொண்டார். மாம்பலகை, சுத்தியல், ஆணி. வேறு கருவி கிடையாது.

சுத்தியலால் அடித்தால் அறுநூறில் பாதிதான் தேறும். நாகப்பட்டினம் பக்கம் ஒரு பட்டறைக்காரர் இயந்திரத்தில் அடித்துத் தருவதாக ஜலீலிடம் பேசி வைத்திருந்தார். இந்த முறை தவறினால் பெட்டி வேலை அங்கே போய்விடும். ஐந்து பெண்களுக்கும் அதை விட்டால் போக்கிடம் இல்லை.

அந்த வாரத்தில்தான் அம்சவல்லியின் தம்பி இராஜாங்கம் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினார். கட்டட வேலையில் பழகிய, காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கிகள் இரண்டை அக்காவுக்கென்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“திருச்சி ஏர்போர்ட்டுல பெட்டியத் திறன்னாங்க. என்ன இதுன்னாங்க. கன்னுன்னேன். அவ்வளவுதான், தள்ளி நில்லுன்னுட்டாங்க” என்றார் இராஜாங்கம்.

“அப்பறம் எப்படிடா விட்டாங்க?”

“பெரிய ஆபீசர் ஒருத்தரு வந்து பாத்தாரு. காத்து அடைக்கிற மிஷின் இல்லாம இது வெறும் இரும்பு, போகச் சொல்லுன்னாரு.”

“அவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே! காத்த விட்டுட்டுத் துப்பாக்கிய மட்டும் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு” என்றார் அம்சவல்லி. கொட்டகையே சிரித்தது.

மறுநாளே பஞ்சர் கடையிலிருந்து ஒரு கம்ப்ரஸரை இரவல் வாங்கி வந்தார்கள். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உர்ரென்று முனகியது. சக்கரம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. சுருள் கருகும் வாடை வருவதற்குள் நான் நிறுத்தச் சொன்னேன். மீட்டரை வைத்துப் பார்த்தால் 162 வோல்ட். டிரான்ஸ்பார்மர் மேலத்தெருவில் இருக்கிறது. அங்கே 224 இருக்கும். பம்புசெட்டுகளையும் வீடுகளையும் தாண்டித் தெருக்கோடிக்கு வந்து சேரும்போது மின்சாரம் அவ்வளவுதான் மிஞ்சும்.

“தண்ணிக்கும் நாமதான் கடைமடை, கரண்டுக்கும் நாமதான் கடைமடையா?” என்றார் அம்சவல்லி.

பெரிய ஸ்டெபிலைசர் வைக்கலாமா என்று இராஜாங்கம் கேட்டார். இந்த அளவு இறக்கத்தில், மோட்டார் கிளம்பும் இழுப்புக்கு அது தாங்காது என்றேன். அம்சவல்லி எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கம்பங்கள் போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, மிஷின் டிரான்ஸ்பார்மர்கிட்டயே இருக்கட்டும். காத்த மட்டும் குழாயில கொண்டாந்தா வராதா?”

டிரான்ஸ்பார்மரை ஒட்டி இருந்தது ஜகதாம்பாள் வீட்டுக் களம். ஒரு காலத்தில் ஊர் நிலத்தில் பாதி அந்த வீட்டினுடையது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்ட ஆண்டு அந்த வீட்டார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியபோது, கீழத்தெருப் பெண்கள் அந்தக் களத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர்களில் அம்சவல்லியின் தாய் தங்கம்மாளும் ஒருவர். கூலி உயர்ந்தது. பிறகு சட்டம் வந்து, குடியிருந்த மனைகளுக்குப் பட்டாவும் கிடைத்தது. ஆனால் கீழத்தெருவில் யாரும் அந்தக் களத்தில் அதன்பின் கால் வைத்ததில்லை. அந்த வீட்டு மருமகளான ஜகதாம்பாள் பட்டுக்கோட்டைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சென்னையில். வீட்டில் அவர் மட்டும்தான்.

அம்சவல்லி நேராக வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

“குழாய் எதுக்கு? களத்துக் கொட்டாய் காலியாத்தானே இருக்கு? அங்கேயே வச்சு அடிச்சுட்டுப் போங்களேன்” என்றார் ஜகதாம்பாள்.

“இல்லீங்க டீச்சரம்மா. வேலை எங்க மனையிலதான் நடக்கும். காத்து மட்டும் இங்கேருந்து வரட்டும்.”

“உங்கம்மா மாதிரியே பேசற.”

“எங்கம்மா இவ்வளவு மெதுவா பேச மாட்டாங்க.”

ஜகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வச்சுக்கோ. ஆனா சத்தம் கேக்கப்படாது. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன். தடதடன்னு ஆரம்பிச்சா வெளியில தூக்கி வச்சுடுவேன்.”

ஆக, கம்ப்ரஸர் வாங்கத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறும்போது எங்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். சத்தம் இருக்கக் கூடாது. காற்று முந்நூற்று இருபது அடி ஓட வேண்டும். தூரத்தை நான் டேப் வைத்து அளந்திருந்தேன். இராஜாங்கம் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அம்சவல்லி ஒரு கட்டு மாம்பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்க, “நான் வாங்கப் போறது காத்து. அதுக்கும் சேத்து இப்பவே போட்டுடுங்க” என்றார் அவர்.

கீழவாசல் பக்கம் இருந்த கடையில் மூன்று கம்ப்ரஸர்கள் கண்ணில் பட்டன. முதலாவது சிவப்புப் பெயின்டில் பளபளத்தது. இரண்டு குதிரைத்திறன், சிறிய தொட்டி, மோட்டாரும் பிஸ்டனும் ஒன்றாகச் சேர்ந்தது. இராஜாங்கம் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இரண்டாவது ஒரு பழைய இயந்திரம். அரைக் குதிரைத்திறன்தான், ஆனால் தொட்டி எருமைக் கன்று அளவுக்கு இருந்தது. மூன்றாவது பெல்ட்டில் ஓடுவது. ஒரு குதிரைத்திறன், நாற்பத்தைந்து லிட்டர் தொட்டி, பச்சை நிறம். பார்வைக்குச் சாது.

கடைக்காரர் சிவப்பை ஓட்டினார். பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பச்சையை ஓட்டியபோது அம்சவல்லி கடையை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு லாரி போகும்வரை காத்திருந்து மறுபடியும் கேட்டார்.

“என்னங்க செய்யறாங்க அவங்க?” என்றார் கடைக்காரர்.

“டீச்சர் தூங்கறாங்களான்னு பாக்குறாங்க” என்றார் இராஜாங்கம்.

அம்சவல்லி திரும்பி வந்து, “செவப்பு வேணாம். அதப் போட்டா டீச்சரோட செத்துப்போன மாமியாரே எழுந்து வந்துடுவாங்க. பச்சை தேவல” என்றார்.

“அக்கா, தொட்டி சின்னதுக்கா. அந்தப் பழசப் பாரு, எம்மாம் காத்து பிடிக்கும்!”

“மேட்டூர் நெறைஞ்சிருந்தா நம்ம வயல் வெளைஞ்சுடுமா? அரைக் குதிரை வச்சு அந்தத் தொட்டிய ரொப்பறதுக்குள்ள கப்பல் வந்துடும். எவ்வளவு வருதுன்னு பாருடா, எவ்வளவு நிக்குதுன்னு பாக்காத.”

பச்சையில் துப்பாக்கியை மாட்டிப் பலகையில் வைத்து அழுத்தினார். டப். ஆணித்தலை மரத்துக்குள் போய் உட்கார்ந்தது. டப், டப், டப். இருபது ஆணி வரிசையாக இறங்கியது. வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. அம்சவல்லியின் முகத்தில் வியர்வையும் சிரிப்புமாக இருந்தது.

“இப்ப முந்நூத்தி இருபது அடிக் குழாயப் போட்டுக் காட்டுங்க.”

கடைக்காரர் அரை அங்குலக் குழாய்ச் சுருளை நடைபாதை ஓரமாகவே விரித்தார். அந்தக் கோடியில் போய் அம்சவல்லி அழுத்தினார். முதல் ஆணி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ஐந்தாவது பாதியில் நின்றது. ஆறாவது மரத்தைத் தொட்டுவிட்டுச் சாய்ந்தது. சிறிது நேரம் விட்டு அழுத்தினால் மறுபடியும் மூன்று இறங்கியது, பிறகு அதே கதை. நீளக் குழாயில் காற்று ஊர்ந்துதான் வருகிறது, துப்பாக்கியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று கடைக்காரர் விளக்கினார். மூன்று குதிரைத்திறன் வேண்டும், அதற்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும் என்றார். ஜகதாம்பாள் வீட்டு இணைப்பில் அது இல்லை. இராஜாங்கம் நடைபாதையில் குந்திவிட்டார்.

அம்சவல்லி சாய்ந்த ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு இருந்தார். அவர் கண் அந்தப் பழைய பெரிய தொட்டியின் மேல் போனது.

“அண்ணே, முறைத்தண்ணி வர்றப்ப நாங்க என்ன செய்வோம் தெரியுமா? வாய்க்கால்ல சன்னமாத்தான் வரும். அத அப்படியே வயல்ல விட்டா மண்ணு நனையறதோட சரி. குட்டையில கட்டி வச்சு, சேந்தப்பறம் மடைய மொத்தமாத் தொறந்து விடுவோம்.”

“அதுக்கு?”

“அந்தப் பழசுல மோட்டார கழட்டிட்டுத் தொட்டிய மட்டும் குடுங்க. அது என் கொட்டாயில இருக்கட்டும். காத்து ஊர்ந்து வந்து அதுல சேரட்டும். நான் அதுலேருந்து அடிச்சுக்கறேன்.”

கடைக்காரர் அந்தப் பெரிய தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “வேகாத வெயில்ல என்னைய ஓட விடறீங்களே” என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்தார். பழைய தொட்டி என்பதால் அப்படியே காற்று ஏற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் அதில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றிக் கசிவு இல்லை என்று காட்டினார். புது சேப்டி வால்வும் மாட்டினார். குழாயின் கோடியில் தொட்டியைச் சேர்த்து, முள் நூறு பவுண்டு தொடும்வரை காத்திருந்தோம்.

டப், டப், டப். அம்சவல்லி நிறுத்தவில்லை. பலகையில் இடம் தீர்ந்துபோனதும்தான் கையை எடுத்தார். ஐம்பத்து மூன்று ஆணி, ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். “கடைசியில ரெண்டு மிஷினோட பாதியையும் வாங்கிட்டீங்க” என்றார் கடைக்காரர்.

ஊரில் குழாய் போட்ட அன்று ஜகதாம்பாள் வீட்டுக் களத்தில் நான் ஆள் வைத்து இறக்கிய பச்சை இயந்திரம் ஓடத் தொடங்கியது. மேட்டூர்த் தண்ணீர் திறந்ததும் வாய்க்கால் கரையில் முதல் தண்ணீரோடு நடப்பதைப்போல, பெட்டி அடிக்கும் பெண்கள் நால்வரும் களத்து ஓரத்திலிருந்து குழாயோடு கூடவே கீழத்தெரு வரை நடந்து வந்தார்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. கொட்டகையில் தொட்டியின் முள் ஏறியது. இருபது, முப்பது, நாற்பது. நாற்பதில் நின்றது. நின்றே போனது.

“போச்சா?” என்றார் ஒரு பெண்.

அம்சவல்லி வெளியே ஓடினார். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நானும் பின்னால் போனேன். எங்கும் கசியவில்லை. களத்து ஓரம்வரை வந்து அம்சவல்லி நின்றார். உள்ளே, இயந்திரத்தின் பக்கத்தில் ஜகதாம்பாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“டீச்சரம்மா, எதையாவது திருப்புனீங்களா?”

“முள் பாட்டுக்கு ஏறிண்டே போறது. வெடிச்சா என்ன பண்றது? அதான் அந்தக் குழாயை மூடிட்டேன்.”

“அது வெடிக்காதுங்க, நூறுல தானா நின்னுடும். தொறங்க!”

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

அம்சவல்லி ஒரு நொடி தயங்கினார். பிறகு களத்துக்குள் கால் வைத்து விறுவிறுவென்று நடந்து போய் ஜகதாம்பாளின் கையைப் பிடித்து, “இந்தப் பக்கம்” என்று திருப்பிக் காட்டினார். “இனிமே இது உங்க பொறுப்பு. காலையில தொறக்கணும், சாயந்திரம் மூடணும்.”

“சம்பளம் எவ்வளவு?” என்றார் ஜகதாம்பாள்.

“கூட்டிக் கேட்டா களத்துல வந்து உக்காந்துடுவோம்.”

கீழத்தெருவிலிருந்து டப் என்ற சத்தம் வந்தது. இராஜாங்கம் பொறுக்க மாட்டாமல் அடிக்கத் தொடங்கியிருந்தார். “டேய், வைடா, முதல் ஆணி என்னோடது!” என்று கத்திக்கொண்டே அம்சவல்லி ஓடினார்.

படகுகள் இறங்குவதற்கு முன்தினம் லாரி வந்தது. ஜலீல் ஒரு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார். திருப்பிப் பார்த்தார். மூலையில் ஒரு ஆணிகூட அசையவில்லை. அறுநூறையும் ஏற்றி முடித்தபோது, “நாகப்பட்டினத்துக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். அடுத்த மாசம் எவ்வளவு முடியும்?” என்று கேட்டார்.

அம்சவல்லி பதில் சொல்வதற்குள் நான்கு பெண்களும் நான்கு எண்ணைச் சொன்னார்கள். எல்லாமே ஆயிரத்துக்கு மேல்.