அக்கா வைத்த துண்டுத்தாள்

கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, எங்களைக் கரைசேர்த்த பிறகுதான் தம் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். பேராதனை பஸ்ஸில் நின்றபடியே பரீட்சைக்குப் படித்து, கம்பளைப் பக்கம் ஒரு பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சத்தம் போட்டவர்களை அவர் அதட்டியதெல்லாம், கடைசித் தம்பி நான் வாங்கியதில் கால்வாசி கூட இராது.

அவர் செய்த ஒரு பிழையையும் எழுதியாக வேண்டும். "செத்தா எல்லாரையும் சாமியாக்கிடுவீங்கடா" என்று கேலி செய்தவர் அவர்.

தமிழ் அலுமாரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணினிகள் வைக்கலாமா என்று மேலிடம் கேட்டது. அக்கா இரவல் பதிவேட்டைப் பார்த்தார். பெயர்களே இல்லை. "வாசகர் இல்லை" என்று தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மனம் கேட்கவில்லை. ஆளில்லை என்றால் அந்தப் புத்தகங்களில் ஏன் தூசி இல்லை? நூலகவியல் ஆய்வுகளைத் தேடி வாசித்தார். அங்கேயே வாசித்துவிட்டுப் போகிறவர்களைப் பதிவேடு காட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு துண்டுத்தாள் வைத்தார். யாராவது திறந்தால் விழுந்துவிடும், கணக்குத் தெரியும் என்பது யோசனை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாத் தாளும் வைத்த பக்கத்திலேயே! அக்கா ஒடிந்துபோனார். கடைசியில், கெலிஓயாத் துணிக்கடையில் வேலை செய்துகொண்டு வாராவாரம் வந்துபோன ஒரு பெண்ணிடம் கேட்டே விட்டார்.

"விழுந்துச்சுங்க மிஸ். யாரோ அடையாளம் வச்சிருக்காங்கன்னு அதே பக்கத்துலயே வச்சிட்டேன்."

"அட கடவுளே! எல்லாருமா?"

"பின்ன? அடுத்தவங்க வாசிச்ச எடத்தக் கலைக்கலாமா?"

"வீட்டுக்குக் கொண்டு போறதுதானே?"

"பிணைக்குக் கையெழுத்துப் போட டவுன்ல சொந்த வீடு உள்ளவங்க வேணுமாமே. தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கிற எங்களுக்கு யாருங்க போடுவா?"

அன்றே வாசலில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, வாசித்தவர்கள் தாளை அதில் போடும்படி எழுதி ஒட்டினார். அலுமாரிகளைப் பற்றி முடிவெடுக்க மேலிடத்தார் கூடிய கூட்டத்தில் அந்த டின்னை மேசையில் கவிழ்த்தார். "நான் எழுதிக் கொடுத்தது பிழை. இத்தனை பேர் வாசிக்கிறாங்க" என்றாராம். வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று நாங்கள்தான் நடுங்கினோம். அலுமாரிகள் அங்கேயே இருந்தன. தோட்டப் பாடசாலை ஆசிரியரின் கையெழுத்தும் பிணைக்குச் செல்லும் என்று விதியும் மாறியது. அன்று அக்கா சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக்கே போதுமானதாக இருந்தது.

கடைசி நாட்களை என் வீட்டில்தான், பேசிக்கொண்டும் என்னை அதட்டிக்கொண்டும் கழித்தார். அதில் எங்களுக்கு நிறைவே.

அக்காவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதியர், அயலவர்கள், தோள் கொடுத்த நூலக நண்பர்கள், இந்த ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலருக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறோம். தயவுசெய்து திரும்ப உள்ளே வைத்துவிடாதீர்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் அதே பிஸ்கட் டின் இருக்கிறது. வாசித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.