கதவு அகலத்தில் மூன்று மகன்கள்

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில், நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பக்கத்துத் தெருவாம். தாம்பரத்தில் எங்கள் பக்கம் ஏரி நிரம்பினால் கீழ் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் தெரு சங்கத்தில் வெள்ளத்தைச் சமாளிக்கப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம்.

"வூட்ல எத்தினி பேர் பாட்டி? நடக்க முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா? எந்த ரூம்ல படுப்பாங்க?"

எந்த அறை என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் தள்ளினேன். நான் ஐந்தாவது தாண்டாதவள்தான். ஆனால் திருடன் இப்போதெல்லாம் நோட்டோடுதான் வருகிறான் என்பது தெரியாதவள் இல்லை.

"மூணு பசங்க. மூணு பேரும் வூட்லதான் கீறானுங்க. ஒவ்வொருத்தனும் இந்தக் கதவு அகலம்," என்றேன்.

உண்மையில் எனக்கு இருப்பது பம்மலில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். உள்ளே இருந்தது, பக்கவாதத்தில் இடது கால் விழுந்த என் வீட்டுக்காரர் மட்டும். அந்த நேரம் பார்த்து அவர் இருமினார்.

"பெரியவன்," என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடந்த காலி மனைக்கு நான் கற்றுக்கொள்ளப் போகவில்லை, வேவு பார்க்கப் போனேன். முதலில் காலித் தண்ணீர் கேன்களைக் கயிற்றில் கோத்து மிதவை கட்டினார்கள். கேன் விற்க வந்த கூட்டம் என்று முடிவு செய்தேன். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, வேட்டியால் சேர்த்துக் கட்டி, நாலு பேர் தூக்கி நடந்தார்கள். விற்பதற்கு எதையும் எடுத்து நீட்டவில்லை. அதில் என் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் அந்தப் பெண் நோட்டைப் பிரித்து, எந்த வீட்டுக்கு யார் தூக்கப் போவது என்று வாசித்தாள். எங்கள் வீடு வந்தது.

"இங்க ஆள் தேவையில்ல. மூணு பசங்க, ஒவ்வொருத்தரும் கதவு அகலம்னு பாட்டி சொன்னாங்க. அவங்க எதிர் வூட்டு ஐயாவத் தூக்கட்டும். வரச் சொல்லுங்க பாட்டி."

எதிர் வீட்டு ஐயா நாற்காலியில் வந்து உட்கார்ந்தே விட்டார். "நானும் ரொம்ப நாளா எதிர்லயே கீறேன். அந்தப் பசங்களப் பாக்கணுமே," என்றார்.

மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது வாயாடியிருப்பேன். அன்று அவள் கையிலிருந்த நோட்டைத்தான் பார்த்தேன். தண்ணீர் ஏறினால் எல்லா வீட்டுக்கும் ஆள் போகும், எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போகும். கட்டிலில் கிடக்கிற மனுஷனை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?

"பசங்க இல்லம்மா," என்றேன். "வூட்டுக்காரர் ஒருத்தர்தான். அவருக்கு நடக்க வராது. நீ எந்த ரூமுன்னு கேட்டியா, பயந்துட்டேன்."

"அப்ப இருமினது?"

"அவர்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கையோடு நாலு பேரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அவரை நாற்காலியில் கட்டி மாடிப்படியில் தூக்கினார்கள். முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் பின்னாலேயே ஏறினேன். திருப்பத்தில் முடிச்சு நழுவியது. சரிந்தவரைத் தாங்கிப் பிடித்தேன்.

"எறக்குங்கப்பா! யாரு போட்ட முடிச்சு இது?"

"ஒத்திகைதான பாட்டி, விடுங்க."

"இவரு இன்னா, ஒத்திகை புருஷனா? கீழ வை."

எப்படிக் கட்டுவதென்று அந்தப் பெண்ணிடம் காட்டச் சொன்னேன். இரண்டு தரம் பார்த்துவிட்டு நானே கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தரம் இழுத்தேன்.

"மூச்சு முட்டுதுடி," என்றார் அவர்.

"ம், இப்ப தூக்குங்க."