உப்பைக் குறைத்த வீடு

மாமனாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மாறிப்போனது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கிற வீடு. மாமா, அத்தை, நான் என்று மூன்று பேர்தான். என் கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே எங்காவது சுற்றிக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் வீடு வருவார். உப்பைக் குறைக்கணும், எண்ணெயைக் குறைக்கணும், கறி கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். மாமாவுக்கென்று தனியாக ஆக்கினால் மனிதர் ஏங்கிப்போவார் என்று எல்லாருக்கும் ஒரே சமையலாக்கிவிட்டார். ரசம் வெந்நீர் மாதிரி இருக்கும். கத்திரிக்காய் வெந்த தண்ணீரிலேயே மிதந்துகொண்டு தட்டுக்கு வரும்.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். விடிவதற்குள் எழுந்து அத்தை கட்டித் தருகிற டிபன் பாக்ஸும் என்னோடு வரும். சனிக்கிழமை மட்டும் அதை மேசைக்கடியில் வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி மாடியில் இருக்கிற ஓட்டலுக்குப் போய்விடுவேன்.

தனியாக ஓட்டலுக்குப் போகிற பெண்ணை நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் சுவரைப் பார்த்த மேசையாகத் தேடி உட்காருவேன். இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே வாய் ஊறும். மிளகாயும் தேங்காய்ப் பல்லுமாய்ப் பள்ளிபாளையம் சிக்கன், அதோடு முட்டை புரோட்டா, கடைசியில் நெய் மணக்கிற சீரக சம்பா பிரியாணி கொஞ்சம். எலும்பைக் கடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அரை மணி நேரம் யாருக்கும் மருமகளாக இல்லாமல் இருப்பேன். டிபன் பாக்ஸ் சோற்றைக் கொட்ட மனசு வராது. நாலு மணிக்குப் பசியே இல்லாமல் அதையும் தின்று முடித்து, கழுவி எடுத்துப் போவேன். "பாக்ஸ் காலியா இருக்குது, புள்ளைக்குப் புடிச்சிருக்குதாட்டம்" என்று அத்தை சந்தோஷப்படும்போது பாத்திரம் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "கண்ணு, குடல் வறுவல் இன்னொண்ணு கொண்டா. அப்படியே சாறு கொஞ்சம் எச்சா ஊத்து."

மாமாவின் குரல். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று காலையில் என்னோடுதான் பஸ் ஏறியிருந்தார். நான் திரும்பவில்லை. எழுந்து போனாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். இலையை மூடினேன். என் பக்கமாக இருந்த கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். பக்கத்துக் குழாயில் அவர் வந்து நின்றார். கண்ணாடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சாமி..." என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். அவரைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது. வெகுதூரம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ஊட்டுல உனக்கு வயித்துக்குப் பத்தறதில்லையா சாமி?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"என்னால உன்னையும் பட்டினி போட்டுட்டனாட்டம் இருக்குது."

நான் அவரைக் கண்டிக்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நெஞ்சுக்கு ஆகாது, இனிமேல் கூடாது என்றெல்லாம். வாயில் மசாலா மணக்க அதை எப்படிச் சொல்வது?

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அத்தை மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, கண்ணுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

"எங்க, காட்டுங்க" என்று அவர் முகத்தைப் பிடித்து இமையைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டலில் கொடுத்த சோம்பை மாமா வாய் நிறைய மென்றிருந்தார்; அந்த வாசம் இன்னும் போகவில்லை. சட்டைக் கை மடிப்பில் மஞ்சளாக எண்ணெய்க் கறை.

"கறி தின்னீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். அறுபது தாண்டிய மனிதர் அப்படி ஒரு பார்வை பார்த்ததை நான் கண்டதில்லை. "புள்ள கூப்புட்டுச்சு. தட்ட முடியல" என்றார்.

இல்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் நீ அங்கே எதற்குப் போனாய் என்ற கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"எனக்கு ஒரு நோவும் இல்ல கண்ணு" என்றார், என்னிடம்தான். "கருவாட்டுக் கொழம்பு இல்லாம ஒரு வாய் எறங்காது எனக்கு. நானும் இந்த உப்பில்லாத சோத்தத்தான் தின்னுட்டிருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தின்னறீங்களேன்னு."

அவர் மறுபடி மாட்டுப் பக்கம் போய்விட்டார். அவருக்குக் கருவாடு பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே அடுப்படியில் நிற்கிறோம்; ஒரு நாளும் கேட்டதில்லை. என் நாக்கைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன். நின்ற இடத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை அடுப்படிப் பக்கம் வரவில்லை. நான்தான் உலை வைத்தேன். எனக்குத் தைரியமாகச் செய்யத் தெரிந்தது அரிசிம்பருப்புச் சோறு ஒன்றுதான். இரண்டு குக்கர் வைத்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம் எல்லாம் வதக்கி, அரிசியும் துவரம்பருப்பும் போட்டு, ஒன்றில் உப்பைக் கிள்ளிப் போட்டேன். இன்னொன்றில் வாய்க்கு வேண்டியபடி உப்பு போட்டு, ராசிபுரத்து நெய்யைத் தாராளமாக ஊற்றினேன். நெருப்பில் இரண்டு கருவாட்டுத் துண்டைச் சுட்டேன். வீடு முழுக்க வாசம் எழுந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமா தட்டைத் தொடவில்லை.

"புள்ள கூப்புடல" என்றார். "நானாத்தான் போனேன். அதோட தலையில போட்டுட்டேன்."

"தெரியும்" என்றார் அத்தை. "உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். பேசாம சாப்பிடுங்க."

"நானும் தனியாத்தானுங்க அத்தை போயிருந்தேன்" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவாட்டைப் பிய்த்துச் சோற்றில் வைத்துப் பிசைந்து ஒரு வாய் போட்டார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்றார். நான் இன்னொரு கரண்டி வைக்கப் போனபோது தட்டை நகர்த்தவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு குக்கர் ஏறுகிறது. மாமா தன் பங்கை முணுமுணுப்பில்லாமல் சாப்பிடுகிறார். ஆனால் என்னைக் கண்டால் இன்னமும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். போன வாரம் அத்தையிடம், "ஒரு சனிக்கிழமை என்னோட சேலம் வாங்க, அந்த ஓட்டலுக்குப் போலாம்" என்று கூப்பிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நாம அங்க போயி உக்காந்துட்டா, அவரு இங்க தனியா உக்காந்து அந்த உப்பில்லாத சோத்தத் தின்னோணுமாக்கும்?" என்றார்.

கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன்.