சுரண்டல் அட்டைக்குத் தோற்ற வாத்தியார்

"தாத்தா, கேன் ஐ ஸ்விட்ச் டு ஸ்டெல்லா ஆன்ட்டிஸ் க்ளாஸ்?" என்று பேத்தி போன ஞாயிறு என்னிடம் கேட்டாள்.

முப்பத்து நான்கு வருடம் மதுரையில் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். ஸ்டெல்லாவோ ஒரு ஃபார்மசியில் வேலை பார்ப்பவர்.

இன்று இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் சர்ச் ஹாலில் நடந்த தமிழ் வகுப்பில் என்னிடம் நான்கு பிள்ளைகள். எதிர் மூலையில் ஸ்டெல்லாவைச் சுற்றிப் பதினேழு பேர். எல்லோரும் காசால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். என் பேத்தியும்தான்.

"லாட்டரியா?" என்று போய்க் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஐயோ அங்கிள், நானே செஞ்ச அட்டை! எங்க வீட்டுக்காரர் பெட்ரோல் போடற கேஸ் ஸ்டேஷன்ல வாரா வாரம் லாட்டரி வாங்கிச் சுரண்டுவார். ஒண்ணும் விழாது. ஆனா சுரண்டறப்ப அவர் முகத்தைப் பாக்கணுமே! அதான் ஐடியா குடுத்துச்சு."

அட்டையில் யானைப் படம். அதன் பெயரைத் தமிழில் சொல்லிவிட்டு, கீழே உள்ள வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் அந்தப் பெயர் எழுத்தில் தெரியும். பெற்றோர் கட்டுக் கட்டாக வாங்குகிறார்கள். அந்த லாபத்தில் வகுப்புக்குப் புதுக் கரும்பலகை வருகிறதாம். அதில் எழுதப்போவது நான்தான்.

நானும் ஒன்று வாங்கி, காரில் ஏறியதும் சுரண்டினேன்.

"தாத்தா! யூ டிட்ன்ட் சே த வேர்ட் ஃபர்ஸ்ட். தட்ஸ் சீட்டிங்!" என்றாள் பேத்தி பின்சீட்டிலிருந்து.

அட்டையின் செய்முறையை ஸ்டெல்லாவிடம் கேட்க மனம் வரவில்லை. பேத்தி சொன்னாள்.

ஓர் எழுத்தின் மேல் கண்ணாடி டேப் ஒட்டி, இரண்டு ஸ்பூன் வெள்ளி பெயின்ட்டில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து டேப்பின் மேல் பூசி, காய்ந்ததும் சுரண்டிப் பாருங்கள்.