நாலாம் பெட் அக்கா

இது கட்டிவிட்ட கதை அல்ல. இருட்டில் நிழலைப் பார்த்து மிரண்ட கதையும் அல்ல. பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த ஒரு பிரசவ வார்டில் நடந்தது. பார்த்தவளோ பேய் என்றால் சிரிக்கிற ரகம். பிணத்தைத் துடைத்துக் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போகிற நர்ஸ். அவள் வாயிலிருந்து வந்ததால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அன்று அவள் உடம்பில் தெம்பு என்று ஒன்று இல்லை. முதல் நாள் ராத்திரி டியூட்டி முடிந்து பையைத் தோளில் மாட்டும்போதுதான், காலை டியூட்டிக்காரி வரவில்லை என்று சொன்னார்கள். "உன்னை விட்டா யாரும்மா இருக்கா?" என்று ஹெட் நர்ஸ் தேன் தடவிப் பேசினாள். பை மறுபடி ஆணிக்குப் போயிற்று. கண் எரிந்தது. கால் வீங்கிச் செருப்பு கடித்தது. முதல் நாள் கொண்டுவந்த சாப்பாடு இந்நேரம் கெட்டுப்போயிருக்கும். திறந்து பார்க்கவும் நேரமில்லை.

பிரசவம் ஆனவர்களைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கிற சின்ன அறை அது. நான்கு கட்டில்கள். மூன்றாவதில் மட்டும் ஆள் இருந்தது. தலைப்பிரசவம், ஆண் குழந்தை, சிக்கல் ஒன்றுமில்லை. பெண்ணின் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி, வெளியே வராந்தாவில் சொந்தக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் கட்டிலில் மெத்தைகூடக் கிடையாது. காலையில் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். வெறும் இரும்புச் சட்டம்.

பெற்று முடித்த பிறகு வருகிற முதல் இரண்டு மணி நேரம்தான் கண்டம். அது நர்ஸுக்குத் தெரியாததல்ல. கால் மணிக்கு ஒரு தடவை வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை கல்லாக இறுகியிருக்க வேண்டும். போர்வையை விலக்கி, ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் பிரசவ அறைக்குள் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வலி கண்டிருந்தது. ஆள் பற்றாத நாளில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். வாசலில் நின்றபடி கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர். தூக்கம்தான் வருது."

"தூங்கு, தூங்கு. இனிமே உன்னை எவன் தூங்க விடப்போறான்?"

பெண் லேசாகச் சிரித்தாள். நர்ஸ் போய்விட்டாள்.

மேசைக்கு மேலே மணிப்பலகை. எந்தக் கட்டிலின் பொத்தானை அழுத்துகிறார்களோ அந்த எண் எரியும். மூன்று மணிக்கு அது அடித்தது.

டிங்...

நாலு.

"ஆயாம்மா, நாலாம் பெட்டுக்கு யாரையாவது அனுப்புனீங்களா?"

"மெத்தையே இல்லாத பெட்ல யாரைத் தாயி படுக்க வைக்க? எலி அழுத்தியிருக்கும். அதுக்கும் வலி வருமில்ல?"

நர்ஸ் போய்ப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மூன்றாம் கட்டிலில் பெண் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மணியை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் பிரசவ அறையிலிருந்து கூச்சல். ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி...

டிங்...

நாலு.

இந்தத் தடவை எட்டிப் பார்த்தபோது நாலாம் கட்டிலில் மெத்தை இருந்தது. வெள்ளை விரிப்பு, மடிப்புக் கலையாமல். ஆயாம்மா போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். களைத்த புத்தி எதையும் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது தடவை மணி நிற்கவே இல்லை.

டிங்... டிங்... டிங்...

போனாள். நாலாம் கட்டிலில் ஒருத்தி படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. இறுக்கி முடிந்து ஊசி குத்திய கொண்டை. முகம் அந்தப் பக்கம்.

"நீங்க எப்போ வந்தீங்க?"

முகம் திரும்பவில்லை.

"எப்படி இருக்கீங்க?" வாய் தானாகக் கேட்டது.

"நல்லா இருக்கேன் சிஸ்டர். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

எவ்வளவு தன்மையான குரல்! அன்று முழுக்க அவளைச் சாப்பிடச் சொன்ன ஒரே ஆள். நர்ஸ் திரும்பிவிட்டாள். திரும்பியவள் நின்றாள்.

போர்வைக்கு அடியில் அந்தப் பெண்ணின் கை அசைந்துகொண்டிருந்தது. தொப்புளுக்குக் கீழே... வட்டம் வட்டமாக... அழுத்தி அழுத்தி. ரத்தம் நிற்காதபோது கர்ப்பப்பையை அப்படித்தான் தேய்த்துவிடுவார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த தேய்ப்பு.

அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

சொட்...

சொட்...

போர்வையைப் பிடித்து விலக்கினாள்.

விரிப்பு முழுக்கச் சிவப்பு.

வயிற்றில் கை வைத்தாள். கல்லாக இருக்க வேண்டியது பிசைந்த மாவாகக் குழைந்தது. ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

படுத்திருந்தவள் முகத்தைத் திருப்பினாள்.

"நான் இல்ல சிஸ்டர்..."

விரல் நீண்டது.

"அவ."

நர்ஸ் மூன்றாம் கட்டிலைப் பார்த்தாள்.

நாலாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

இரும்புச் சட்டம். மெத்தை இல்லை. கையில் ஒரு துளி ரத்தம் இல்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

சொட்...

மூன்றாம் கட்டிலுக்கு அடியிலிருந்து.

அதற்குப் பிறகு பயப்பட நேரமில்லை. பெண்ணின் உதடு வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. "ஆயாம்மா, டாக்டரைக் கூப்பிடுங்க! ரத்தம் வேணும்னு சொல்லுங்க, ஓடுங்க!" ஒரு கை வயிற்றை அமுக்கித் தேய்த்தது, ஒரு கை ஊசியைத் தேடியது. "ஏய், தூங்காதே! கண்ணைத் தொற! திட்டும்மா என்னை, ஏதாவது பேசு!" டாக்டர் வந்தார், ஊசி ஏறியது, குளுக்கோஸ் ஏறியது, ரத்தம் ஏறியது. மாவு மெல்ல மெல்ல இறுகிக் கல்லாயிற்று.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எப்படிக் கவனிச்சீங்க?"

"மணி அடிச்சுது டாக்டர்."

"நல்ல வேளை, அந்தப் பொண்ணு அடிச்சா."

நாலு எரிந்த மணிப்பலகையை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் விரலைக்கூட அசைத்திருக்க முடியாது.

சாயங்காலம் ஆயாம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்த நாலாம் பெட்ல முன்னாடி யாராவது... செத்திருக்காங்களா?"

"கட்டடமே போன வருஷம் கட்டுனது. பெட்டும் புதுசு. இந்த ரூம்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு சாவு கிடையாது. போங்க, போய்த் தூங்குங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாத்தான் பேய் மாதிரி இருக்கு."

தூக்கக் கலக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மூன்று நாள் அது பலித்தது.

நாலாம் நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் மகனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"சிஸ்டர், அன்னைக்கு நாலாம் பெட்ல இருந்த அக்கா போயிட்டாங்களா? என் கையை எட்டிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கண்ணு சொருகும்போதெல்லாம் கிள்ளுவாங்க. தூங்காதே, நனையுதுன்னு சொல்லு, வாயைத் தொறந்து சொல்லுன்னு ஒரே அதட்டல். என் வயசுதான் இருக்கும். மோவாயில ஒரு தழும்பு."

மடித்துக்கொண்டிருந்த துணி அம்மாவின் கையிலிருந்து விழுந்தது. நர்ஸின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"சிஸ்டர், நான் இவளைப் பெத்தவ இல்ல. சித்தி. இவளுக்கு அது தெரியாது. வீட்ல ஒரு போட்டோகூட வைக்கல."

"பெத்தவங்க?"

"என் அக்கா. அவளும் உங்களை மாதிரி நர்ஸ்தான். வேற ஊரு. இவளைப் பெத்துட்டுப் படுத்திருந்தா. கூட வேலை பாக்குறவங்க வந்து வந்து கேட்டிருக்காங்க. பாவம், பசியோட ஓடுறாளுங்களேன்னு, 'நல்லா இருக்கேன், போய்ச் சாப்பிடுங்கடி'ன்னு அனுப்பிட்டா. அவங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள..." தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். "மோவாய்த் தழும்பு, சின்ன வயசுல நான் தள்ளிவிட்டதுல வந்தது. செத்தப்போ அவளுக்கு இவ வயசுதான்."

இருவரும் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் தன் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேர்கூடக் கேக்கல பாருங்க. அந்த அக்காவுக்கு என்ன குழந்தை, சிஸ்டர்?"

சித்தி தரையைப் பார்த்தாள்.

"பொண்ணு," என்றாள் நர்ஸ்.